புள்ளி இல்லாத குரல்

“தம்பி, என்ற புள்ளியத் தொட்டா வேற ஒரு பொண்ணு பேசறாங்க.”

கிப்சன் தோசையைத் திருப்பாமலேயே அடுப்பை அணைத்தான். பிழை சொல்ல நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். போனில் கூப்பிட்டு, பேர்கூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிறவர்கள் அபூர்வம்.

“நீங்க யாருங்க?”

“கோகிலவாணிங்க. அன்னூரு. பஸ் ஸ்டேண்டுக்கு எதுக்கால பேக்கரி வெச்சிருக்கறோம். அந்த இருதய மாத்திரை சோதனைல நானும் ஒரு ஆளுங்க.”

எந்த மாத்திரை, எந்தச் சோதனை என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் மனைவி பியூலாவும் அதில் ஒரு ஆள்தான்.

“எந்தப் புள்ளிக்கா?”

“என்றதுதானுங்க. என்ற நம்பரப் போட்டுப் படத்துக்குள்ள போனா பச்சையா மினுங்குமில்ல, அது. தொட்டா நான் பேசி வெச்சதுதான வரோணும்? வரதில்லீங்க. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு வருது.”

கிப்சன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“எப்ப இருந்து?”

“போன வருசம் புதுப் படம் போட்டாங்களே, அப்பருந்து.”

“ஒரு வருஷமா சொல்லாம இருந்தீங்களா?”

அந்தப் பக்கம் யாரோ டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கோகிலவாணி, “இப்பத்தானுங்க சொல்லோணும்னு மனசு வந்துச்சு,” என்றாள்.

எண்களைப் படமாக வரைந்து தரும் மென்பொருள் நூலகம் ஒன்று உண்டு. தூரிகை என்று பெயர். யாருக்கும் சொந்தமில்லாதது. ஊருக்கு ஒருவராக எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதிச் சேர்த்தது. மழையளவு, தேர்தல் முடிவு, தக்காளி விலை, எதை வேண்டுமானாலும் அதில் வரையலாம். கோவை சரவணம்பட்டியில் இருக்கும் கிப்சனும், வாணியம்பாடியில் இருக்கும் ருக்சானாவும் அதைப் பராமரிக்கிறவர்கள். அதில் வரையும் ஒவ்வொரு படத்தின் அடியிலும் ‘பிழை சொல்ல’ என்று ஓர் எண் வரும். அது கிப்சனுடைய எண்.

படத்தில் இருக்கும் புள்ளிக்குள் ஓர் இணைய முகவரியை வைக்கலாம், தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும் என்ற வசதியைத் தூரிகையில் சேர்த்தவள் பியூலா. இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் அவளுக்கு. புதிய மாத்திரை ஒன்றின் சோதனையில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் டாக்டர் சித்ரலேகா வார்டுக்கு வந்து, கையடக்கத் திரையில் அப்போதைய அளவுகளின் படம் ஒன்றைக் காட்டி, “இதோ, இதுதான் நீங்க,” என்றார். புள்ளிகளின் கூட்டத்தில் ஒரு புள்ளி.

பியூலா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். “தொட்டா நான் வர மாட்டேங்கேனே, டாக்டர்?”

“படத்தைத் தொட்டா ஆள் எப்படிம்மா வரும்?”

“வரணும்லா?”

அந்த வாரமே படுக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதி முடித்துவிட்டாள். புள்ளிக்கு ஒரு பக்கம். பக்கத்தில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, புகைப்படம் கிடையாது. அந்த ஆள் பேசிப் பதிந்த குரல் மட்டும். பேரைப் போட்டால் என்ன என்று கிப்சன் கேட்டதற்கு, “பேரு தெரிஞ்சா பாவம் பாப்பாவ. குரலுன்னா கேப்பாவ,” என்றாள்.

மருத்துவமனை அதை எடுத்துக்கொண்டது. பிறகு வேறு மருத்துவமனைகள். அதன் பிறகு விதியே வந்துவிட்டது. மனிதர்களைப் புள்ளியாக வைத்துப் படம் போட்டால், புள்ளியைத் தொட்டதும் அந்த மனிதரின் குரல் கேட்க வேண்டும். படத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் புள்ளிகளைத் தொட்டுக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. மருத்துவமனைகளில் அதற்குத் ‘தொட்டுக் கையெழுத்து’ என்றே பெயர். நேர விரயம் என்று முணுமுணுத்த டாக்டர்கள் உண்டு. ஒரு குரலைக் கேட்டுவிட்டு, போட இருந்த கையெழுத்தைப் போடாமல் எழுந்துபோன டாக்டர்களும் உண்டு.

பேசியவர்களின் பாதுகாப்புக்கும் விதி இருந்தது. குரலை யாரும் நகலெடுக்க முடியாது, சொந்தக்காரர்களாலும் முடியாது. எந்தப் புள்ளியிலிருந்தும் வழியில்லாத குரலைக் கணினி அன்றே அழித்துவிடும்.

இந்த விதி வருவதற்கு முன்பே பியூலா இறந்துபோனாள்.

கிப்சன் அவளுடைய குரலைக் கேட்டதே இல்லை. போன வருடம் வந்த புதுப் படத்தில் வலது பக்கம், மற்றவற்றிலிருந்து விலகி, கீழே தனியாக ஒரு புள்ளி கிடக்கும். அதுதான் அவள் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். வேலைக்காக அந்தப் படத்தைத் திறக்க நேரும்போதெல்லாம், கடன்காரர் வீட்டைக் கடக்கிறவனைப்போல அந்த மூலையைப் பார்க்காமல் கடந்துவிடுவான்.

இன்று அந்தப் படத்தின் பின்னால் இருக்கும் எண்களைத் திறந்தான். சோதனையில் சேர்ந்த வரிசையில் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தினசரி மருந்தின் அளவு, ஓராண்டு முடிவில் இதயம் எவ்வளவு வலுவாக அடிக்கிறது என்ற அளவு. முதலாவது கூடினால் புள்ளி வலது பக்கம் நகரும், இரண்டாவது கூடினால் மேலே ஏறும். பியூலாவின் வரிசையில் இரண்டாவது அளவு காலி. ஓராண்டு முடிவுக்கு அவள் இல்லை.

அளவு காலியாக இருந்தால் தூரிகை புள்ளி வைக்காது. தூரிகை மட்டுமல்ல, படம் வரையும் நூலகங்கள் பிறந்த நாளிலிருந்தே இதுதான் வழக்கம். பியூலாவின் புள்ளி விழவில்லை. ஆனால் முகவரிகளின் வரிசையிலிருந்து அவள் முகவரியை யாரும் எடுக்கவில்லை. அது அடுத்த புள்ளியில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த புள்ளி கோகிலவாணி. கோகிலவாணியின் முகவரி அதற்கடுத்த ஆளிடம் போயிருந்தது. அங்கிருந்து கடைசிவரை எல்லாம் நகர்ந்திருந்தன. மிஞ்சியது கடைசிப் புள்ளியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு விஷயங்கள் அவனுக்குப் புரிந்தன. மூலையில் தனியாகக் கிடந்த புள்ளி பியூலா இல்லை. யாரோ உயிரோடு இருக்கும் ஒருவர். பியூலாவுக்குப் படத்தில் புள்ளியே இல்லை.

முகவரிகளைச் சேர்க்கும் அந்தப் பகுதியை எழுதியவளும் அவள்தான்.

“ஒரு வரிடா கிப்சன்,” என்றாள் ருக்சானா திரையில். வாயில் பிஸ்கட். “காலி வரிசையைத் தூக்கும்போது அதோட லிங்க்கையும் சேர்த்துத் தூக்கு. முடிஞ்சது. இதுக்கு ஏன் எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?”

“தூக்கினா பியூலா குரலுக்கு வழி இல்ல.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

“இப்ப வேற ஒருத்தங்க புள்ளியில தொத்திக்கிட்டு இருக்கா. அதனாலதான் இவ்வளவு நாள் அழியல. நான் சரி பண்ணினா அன்னைக்கே அழிச்சிரும்.”

“நீ கேட்டிருக்கியா, அதை?”

“இல்ல.”

“ஒரு வாட்டிகூட?”

அவன் மடிக்கணினியின் திரையைப் பாதி சாய்த்தான்.

“சரி, போய்க் கேளு. கேட்டுட்டு வா. அதுவரைக்கும் நான் சாய் குடிச்சிட்டு இருக்கேன்.”

“முடியல ருக்சானா.”

அவள் பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தாள். “திங்கக்கிழமை மருந்தளவுக் கூட்டம். ஞாபகம் இருக்கா? எந்த அளவு குடுக்கலாம்னு அன்னைக்கு முடிவு பண்ணிடுவாங்க. மூச்சு முட்டுதுன்னு ஒருத்தன் பேசி வெச்சிருப்பான். அது கல்லு மாதிரி இருக்கறவன் புள்ளியில கேக்கும். டாக்டருங்க தலையை ஆட்டிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் வாயை மூடிட்டு இருக்கணுமா?”

“நான் அப்படிக் கேக்கலையே.”

“வாயால கேக்கல. மூஞ்சி கேக்குது.”

அவன் தலை குனிந்தான். ருக்சானாவின் குரல் இறங்கியது. “அவ எழுதினதுல ஒரு தப்பு கண்டுபிடிச்சா பிரியாணி வாங்கித் தர்றேன்னு என்கிட்ட பந்தயம் கட்டியிருந்தாடா. இப்பக் கிடைச்சிருக்கு. யார்கிட்ட போய்க் கேக்கறது, சொல்லு?”

சனிக்கிழமை முற்பகல் கிப்சன் அன்னூர் பஸ் ஏறினான். ஏன் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. பிழை சொன்னவர்களின் வீட்டுக்கு அவன் போனதில்லை.

பேக்கரி சின்னது. முன்னால் கண்ணாடி அலமாரி, ஓரத்தில் டீ பாய்லர். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவன் வாயைத் திறக்கும் முன்பே, “பிழை தம்பிதான?” என்றாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“டீயும் கேக்காம பன்னும் கேக்காம, படத்தப் பாக்கற மாதிரி கடையப் பாத்துட்டு நின்னா வேற யாருங்க? உக்காருங்க. தேங்கா பன் சூடா இருக்குது.”

அவன் வேண்டாம் என்று சொல்லுமுன் தட்டு வந்துவிட்டது. தின்றுகொண்டே விளக்கினான். புள்ளி விழாததையும் முகவரி விழுந்ததையும் அவன் சொல்லச் சொல்ல, அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“இங்கயும் ஒருக்கா ஆச்சுங்க. ஒரே நாள்ல கேக்கு ஆர்டரு கெடந்துச்சு வரிசையா. பேரு எழுதுன அட்டையெல்லாம் எங்கூட்டுக்காரரு முந்தியே எழுதி அடுக்கி வெச்சுட்டாரு. நடுவுல ஒரு ஆர்டர் வேண்டாம்னுட்டாங்க. கேக்கே போடல. அட்டைய எடுக்க மறந்து போனாரு. எல்லாம் ஒண்ணொண்ணா மாறி, ஒரு வயசுக் கொழந்தை கேக்குல ‘அறுபதாம் கல்யாண வாழ்த்துகள்’னு போயிருச்சு!”

உள்ளே அடுப்பருகிலிருந்து ஓர் ஆண்குரல், “அதையே எத்தன வருசத்துக்குச் சொல்லுவ?” என்றது.

“சாகற வரைக்கும் சொல்லுவேன்!” என்று திரும்பிச் சொல்லிவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள். “வேண்டாம்னு சொன்ன கேக்கு ஆருக்கோ, அந்த ஆளு அன்னைக்கிக் காலைல தவறீட்டாருங்க. பொறந்த நாளு வேற. கேக்கு இல்லாட்டிப் போகுது. பேரு அட்டைய மட்டும் தூக்கிப் போட மனசே வரல.”

அவள் ஒரு தட்டு பன்னைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. நின்று, நெஞ்சில் கை வைத்து, மறுபடி உட்கார்ந்தாள்.

“எப்பவும் இப்படியா அக்கா?”

“இந்த ரெண்டு மூணு மாசமாத்தான். எனக்கு அளவு ஜாஸ்திங்க. ஜாஸ்தி அளவுக்காரங்கதான் படத்துல மேல இருக்கறாங்கன்னு டாக்டரம்மா காட்டுனாங்க. நல்லதுக்குத்தான்னாங்க.” பிறகு, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டாள். “சரி பண்ணிப்போட்டா அந்தப் பொண்ணு கொரலு எங்க போகுமுங்க?”

“அழிஞ்சிரும்.”

“ஓ.”

துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கல்லாவைத் துடைத்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“நான் ஒரு வருசமா அத வெச்சுத்தானுங்க வண்டிய ஓட்டறேன். காலைல மாத்திரைக்கு முன்னால ஒருக்கா கேட்டுப்போடுவேன். எங்கூட்டுக்காரரு சண்டைகூடப் போடுவாரு, ‘உங்க அக்கா பேசியாச்சா, காப்பி கெடைக்குமா’ம்பாரு.” அவள் நிமிர்ந்தாள். “ஆனா ஊரு சனத்துக் கொரலெல்லாம் மாறிக் கெடக்குதுன்னா தப்புத்தானுங்களே. சரி பண்ணிப்போடுங்க.”

“அது யார் குரல்னு தெரியுமாக்கா?”

“தெரிஞ்சுதான உங்களக் கூப்புட்டேன். உங்கூட்டுக்காரம்மா.”

கிப்சன் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தான். வெளியே ஒரு சத்தியமங்கலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, “என்ன சொல்லியிருக்கா?” என்று கேட்டான்.

“நீங்களே கேளுங்க சாமி. நான் சொன்னா அது என்ற பேச்சாயிரும்.”

திரும்பும் வழியில் கோவில்பாளையம் வந்தபோது, பேர் அட்டையைத் தூக்கிப் போட மனமில்லாத அந்தப் பெண் மறுபடி நினைவுக்கு வந்தாள். கேக் இல்லை. ஆனால் அட்டைக்குரிய ஆள் ஒருவர் இருந்தார். அவன் இதுவரை யோசித்தது முகவரியைப் பற்றித்தான்: வைத்துக்கொள்வதா, தூக்குவதா? புள்ளியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அளவு இல்லையென்றால் ஏன் வரையக் கூடாது? வரையாமல் விடுவது யார் வைத்த சட்டம்? யாரும் வைக்கவில்லை. யாரோ ஒருவர் முதலில் அப்படி எழுதினார். அடுத்தவர்கள் அதையே எழுதினார்கள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினான். அளவு இல்லாதவர்களுக்கு உள்ளே நிறமில்லாத ஒரு வளையம். எந்த உயரத்தில் வைப்பது என்று சொல்ல எண் இல்லை. அதனால் படத்தின் அடிக்கோட்டுக்குக் கீழே. மருந்தின் அளவு தெரியும், அதற்கு நேராக. வளையத்துக்குள் அவரவர் முகவரி. புள்ளியும் வளையமுமாகச் சேர்ந்து ஆட்கள் முழுமையானார்கள். முகவரிகள் தம்தம் இடத்துக்குத் திரும்பின.

பியூலாவின் வரிசையோடு காலிகளைத் தேடுவதை நிறுத்தியிருந்ததால், ஒரு வளையத்தைத்தான் அவன் எதிர்பார்த்திருந்தான். படத்தைத் திறந்தபோது அடிக்கோட்டின் கீழே வளையங்கள் வரிசையாக நின்றன. இடது பக்கம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வலது பக்கம், அதிக அளவுக்கு நேராக, பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப்போல நெருக்கிக்கொண்டு நின்றன.

ருக்சானாவுக்குப் படத்தை அனுப்பினான். அவள் உடனே கூப்பிட்டாள்.

“யா அல்லா,” என்றாள். “வலது பக்கம் புள்ளியெல்லாம் ஒசரத்துல இருக்கறது மருந்து நல்லதுன்னு இல்லையாடா?”

“தாங்கினவங்க மட்டும் படத்துல இருக்காங்க. தாங்காதவங்க கீழ நிக்கறாங்க.”

“இதுவரைக்கும் நிக்கக்கூட விடலையே நாம.”

அன்றே அதை வெளியிட்டார்கள். திங்கட்கிழமை காலை கிப்சன் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது ருக்சானா சிரிப்பும் அழுகையுமாகக் கூப்பிட்டாள். பிழை என்று செய்திகள் வந்து குவிந்திருந்தன. ‘என் புள்ளியில் இருந்த பெரியவரைக் காணோம்’ என்று ஒன்று. ‘எனக்குத் துணைக்கு வைத்திருந்த அக்காவைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று ஒன்று. குரல் மாறியிருந்தது பலருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் துணையாக மருத்துவமனையே அப்படி ஏற்பாடு செய்திருக்கிறது என்று நினைத்து, நன்றியோடு சும்மா இருந்திருக்கிறார்கள். “சரி பண்ணினதுக்குத் திட்டு வாங்கறது நாம மட்டும்தாண்டா,” என்றாள்.

கூட்டம் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில். சுவர் அளவுக்கு ஒரு திரை. டாக்டர் சித்ரலேகா தலைமையில் ஒரு குழு. படத்தில் மாற்றம் இருப்பதால் விளக்கம் சொல்ல கிப்சனை அழைத்திருந்தார்கள். அவன் விளக்கியதும், குழுவில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அளவே இல்லாதவங்களைப் படத்துல எப்படித் தம்பி வைக்கிறது? அது முறை இல்லையே.”

“அளவுதான் சார் இல்ல. ஆள் இருந்தாங்க.”

“நாங்க எதையும் மறைக்கலை, கிப்சன்,” என்றார் சித்ரலேகா. அவர் குரலில் கோபம் இல்லை; ஒரு தற்காப்பு இருந்தது. “பாதியில போனவங்க கணக்கு அறிக்கையோட கடைசிப் பக்கத்துல அட்டவணையா இருக்கு.”

“தெரியும் டாக்டர். அட்டவணையைத் தொட முடியாது.”

சித்ரலேகா எழுந்து திரைக்குப் போனார். வலது ஓரத்து வளையத்தைத் தொட்டார். ஒரு கிழவர், தன் பேத்தி ஓட்டப் பந்தயத்தில் ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்றார், இருமினார், மன்னிப்புக் கேட்டார். அடுத்த வளையம். இளைஞன் ஒருவன் பேச வராமல் பாதியில் நிறுத்தியிருந்தான். அவர் அதற்கடுத்த வளையத்துக்குக் கையைக் கொண்டுபோனார்.

கிப்சனுக்கு அது யார் என்று தெரியும். கதவு பக்கத்தில்தான் இருந்தது. போய்விடலாம். அவன் கதவின் பிடியைப் பிடித்தான், திருப்பவில்லை.

“ஹலோ. வேலை செய்யுதா? … செய்யுது. நான்தான் எழுதினேன், எனக்கே சந்தேகம் பாருங்க.”

ஒரு சிரிப்பு. அறையில் யாரோ சேர்ந்து சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. பயந்துபோயி இருக்கியன்னு மட்டும் தெரியும். நானும் பயந்துதான் கெடக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். மாத்திரையைப் போட்டுட்டு ஒடனே படுத்துராதிய, வாய் கசக்கும். துண்டு கருப்பட்டி ஒண்ணு பக்கத்துல வச்சுக்கிடுங்க. நர்ஸம்மா பாத்துட்டா பியூ… ஆங், பேரு சொல்லக்கூடாதுல்லா. நெல்லைக்காரி சொன்னான்னு சொல்லுங்க. திட்ட மாட்டாவ.

நான் இல்லாமப் போயிட்டா இந்தப் புள்ளி இங்கனயேதான் இருக்கும். அதுக்காவ வருத்தப்படாதிய. இத்தனை புள்ளியில இதை வந்து தொட்டிய பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றி.

ஒரே ஒரு ஒதவி. இந்தப் படத்துக்கு அடியில பிழை சொல்லன்னு ஒரு நம்பர் கெடக்கும். எங்க வீட்டுக்காரரு நம்பருதான். அவரைக் கூப்பிட்டு எப்படி இருக்கியன்னு கேட்டியன்னா, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சிருவாரு. அதனால அப்படிக் கேக்காதிய. ஏதாவது ஒரு தப்பைக் கண்டுபிடிச்சுக்கிட்டுப் போங்க. தப்புன்னு சொன்னா உக்காந்து பேசுவாரு, சாப்பிட வச்சாலும் சாப்பிடுவாரு. நான் எழுதினதுல தப்பு இருக்காது. இருந்தாலும் தேடிப் பாருங்க.”

மறுபடியும் அந்தச் சிரிப்பு. முடிந்தது.

சித்ரலேகா திரையிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார். திரும்பியபோது கிப்சனைப் பார்க்கவில்லை, குழுவைப் பார்த்தார். “அதிக அளவை இன்னையோட நிறுத்திடலாம். இப்ப எடுத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கும் பாதியாக் குறைச்சு, எல்லாரையும் இந்த வாரமே வரச் சொல்லணும்.” மூத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கையெழுத்தைப் போட்டார்.

கிப்சன் வெளியே வந்து படிக்கட்டில் நின்றான். அவனுக்கு இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கேட்ட முதல் நாளே கோகிலவாணிக்குத் தப்பு கிடைத்துவிட்டது. அந்தக் குரலேதான் தப்பு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் குரல் தன் புள்ளியை விட்டுப் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருடம் பிடித்து வைத்துக்கொண்டாள். பிறகு, முன்பின் தெரியாத ஒருவனுக்காக, இருந்த ஒன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பியூலாவும் ஒரு இடத்தில் தவறினாள். சரியாக எழுதியிருந்தால், அளவு காலியான அன்றே அவள் குரலும் அழிந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு தவறுக்காக யாருக்கு நன்றி சொல்வது என்று அவன் தேடினான். ஒரு பெயரில் அடங்கவில்லை.

போனை எடுத்தான்.

“அக்கா, கிப்சன். ராத்திரி மாத்திரை பாதி போதும். ஆஸ்பத்திரியில இருந்தும் கூப்பிடுவாங்க. நாளைக்கே போய்ப் பாத்துருங்க. தள்ளிப் போடாதீங்க.”

“அப்படீங்களா? சரிங்க. நல்லதாப் போச்சு, படி ஏறவே முடியறதில்ல.” கல்லாவை மூடும் சத்தம் கேட்டது. “அந்தக் கொரலு… போயிருச்சுங்களா?”

“போகலக்கா. படத்துக்குக் கீழ, வலது பக்கம், மூணாவது வளையம். இனிமே அங்கதான் இருப்பா. உங்க புள்ளியில உங்க குரல் வரும்.”

“என்றதா! ஐயோ, அது ஒரே அழுவாச்சிங்க. சேர்ந்த அன்னைக்கிப் பேசுனது. மாத்திப் பேசோணும்.” அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சும் சத்தமும் வந்தது. “அப்ப கேட்டுட்டீங்களா?”

“கேட்டேன்.”

“அப்ப இனி நான் தப்பு எதும் தேட வேண்டாமுங்களே?” என்றாள். “நேராவே கேட்டுப்போடறேன். எப்படி இருக்கறீங்க தம்பி?”

பதில் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்தான்.

“நல்லா இல்லக்கா.”

“சொல்லுங்க சாமி,” என்றாள் கோகிலவாணி. “கடைல ஆரும் இல்ல.”

அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவர், “அக்கா, ரெண்டு டீ, ஒரு முட்டை பப்ஸு! எவ்வளவு நேரமா நிக்கறது?” என்று கத்துவது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பொய்யை அவன் நன்றியோடு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.